புண்ணுக்குக் கட்டும் பச்சிலைகள்

தம்பின் வட்டாரத் தோட்டங்களை நம்பிக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் நன்கறிவார்கள்: பால்மரம் சீவும் கத்தி கையில் பட்டாலும், செம்பனை முள் காலில் ஏறினாலும், ஆஸ்பத்திரிக்கு முன்னர் ஆட்கள் வந்து நிற்கும் இடம் நம் கடைதான். மஞ்சள்பொடி கேட்பார்கள், காப்பித்தூள் கேட்பவர்களும் உண்டு. சரக்கின் குணமறிந்து விற்கவேண்டியவர்கள் நாம். ஆகையால் சில விவரங்களை இங்கே தருகிறோம்.

1995-ஆம் ஆண்டு, மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் கையாண்ட முறைக்கு வேறொருவர் பட்டா வாங்குவதா என்று இந்திய அறிவியல் தொழிலாராய்ச்சி மன்றம் ஆட்சேபித்தது. பழைய நூல்களோடு, 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டிற்று. 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று. இதை மஞ்சளின் வெற்றி என்று நம்மவர் பெருமையாகப் பேசுவதுண்டு. அங்கே முடிவானது, இது புதிய கண்டுபிடிப்பு அன்று என்பது மட்டுமே. கடைப் பொடியைத் திறந்த வெட்டுக்காயத்தில் கொட்டலாமென்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூட்டையில் கிடந்து பல கைகள் அளைந்த பொடியில் கிருமி இருக்கும். நிறத்துக்காக ஈயச் சாயம் சேர்ப்பதும் வங்காள தேசத்தில் பிடிபட்டிருக்கிறது. காப்பித்தூளைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதே வைத்தியருக்குப் பெரும்பாடு.

நம் மனத்தை மிகக் கவர்ந்தது வாழையிலைதான். தீக்காயங்களுக்கு வாழையிலைக் கட்டுப் போட்டுப் பார்த்த விவரத்தை 2003-இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி போக்கி, புண்மீது வைத்தார்கள். இலையின் மேல் வழவழப்பான மெழுகு இருப்பதால் அது புண்ணில் ஒட்டுவதில்லை. கட்டைப் பிரிக்கையில் வலியும் மிகக் குறைவு. விலையோ அற்பம். நாம் சோற்றுக்கு விரிக்கும் அதே இலை! ஆனால் நீராவி காணாத இலை அந்த வேலைக்கு ஆகாது.

மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகத் தின்னும் வல்லாரையிலும் விஷயம் இருக்கிறது. 1941-இல் மடகாஸ்கர் நாட்டு வல்லாரையிலிருந்து ஆசியாட்டிகோசைடு என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். புண் ஆறுகையில் புதிய தோல் பற்றிக்கொள்ளும் நார்ப்பொருள் ஊற அது உதவுகிறது. வல்லாரைச் சத்துச் சேர்ந்த களிம்புகள் இன்று மருந்துக் கடைகளில் விற்கின்றன.

நம்மில் பலருக்குச் சொந்தமான இராமநாதபுரம் கரையில், மண்டபம் பக்கம் எடுக்கும் பழுப்புக் கடற்பாசியிலும் ஆல்ஜினேட் என்ற பொருள் உண்டு. அதனால் செய்யும் கட்டு, புண்ணின் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும்.

இனி, கல்லாவில் இருப்பவர் கவனிக்கவேண்டியது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்நோய் முற்றியவருக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும். புண் புரையோடியும் வலி தெரியாது. அப்படிப்பட்டவர் பொடி கேட்டால், அந்தச் சில்லறை வியாபாரம் போனால் போகட்டும். உடனே தம்பின் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கத்தியோ முள்ளோ ஆழமாகக் குத்தியிருந்தால், சுத்தமான தண்ணீரில் கழுவி, வெளுத்த துணியால் கட்டி, ரணஜன்னி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.