அப்பாவின் டர்போ டீசல் கார்: ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் முடித்துவிட வேண்டிய வேலைகள் இவை. அப்பாவோ தாத்தாவோ பல வருடம் ஓட்டி, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும் டர்போ டீசல் காரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா மான்ஸா, ஃபியட் லீனியா என்று பெயர் எதுவாக இருந்தாலும், அந்தத் தலைமுறை டீசல் வண்டிகளில் பானட்டுக்குள் இருப்பது ஃபியட் வடிவமைத்த அதே 1248 சிசி எஞ்சின்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே ரோட்டில் ஓடும் மாருதி டீசல் எதுவும் இன்று புது வண்டி இல்லை. பலவற்றின் மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

இப்படிக் கைக்கு வரும் வண்டியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதிகம் ஓடியதைவிட, ஓடாமல் நின்றதுதான் அதைக் கெடுத்திருக்கும். அப்பா படுக்கையில் விழுந்த மாதங்களில் வண்டியை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். காரியம் முடிந்த பிறகும் அந்தச் சாவியைத் தொட வீட்டில் யாருக்கும் மனம் வந்திருக்காது. அதற்குள் பேட்டரி இறங்கிவிடும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடும், எலி ஒயரைக் கடித்திருக்கும். டேங்கில் பாதி டீசல் கிடந்தால் மீதி இடத்துக் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். எனவே சாவியைத் திருப்புவதற்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள். எலிப் புழுக்கையோ கூடோ தெரிந்தால், ஒயர்களை முழுக்கப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

அடுத்து, டாஷ்போர்டு அறையிலும் வீட்டு அலமாரியிலும் தேடி அப்பா வைத்திருந்த சர்வீஸ் பில்களை எடுங்கள். கடைசியாக ஆயில் மாற்றியது எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பில் கிடைக்காவிட்டால், ஆயில் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதே நல்லது.

இந்த எஞ்சினைப் பொறுத்தவரை ஆயில் விஷயத்தில் நான் சமரசமே செய்யமாட்டேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது சுற்றும் இடத்தில் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஒரு பக்கம் புகைபோக்கியின் கொதிக்கும் வாயு, மறுபக்கம் இந்த ஆயில். பழைய ஆயில் அங்கே கருகிக் கரியாகப் படிந்து, டர்போவுக்கு ஆயில் போகும் சிறு குழாயை அடைக்கிறது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதன் டென்ஷனரும் இதே ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்; அதில் ஒரு லிட்டர் குறைந்தால் டர்போவும் செயினும் சேர்ந்தே அடிபடும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து சங்கிலி உரசும் சடசடப்பு கேட்டால், அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் அந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வு வளையலாம். செலவு வண்டியின் விலையை நெருங்கும்.

கையேட்டில் உள்ள தர ஆயிலையே போடுங்கள், ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். “எஞ்சின் ஃப்ளஷ் போட்டுக் கழுவிடலாம் சார்” என்பார்கள். சரித்திரம் தெரியாத எஞ்சினுக்கு அது வேண்டாம். பல வருட அழுக்கு ஒரேயடியாகப் பெயர்ந்து, டர்போவின் ஆயில் வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது ஆயில் ஊற்றி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுவது கூடுதல் செலவுதான். ஆனாலும் பத்திரமான வழி அதுதான். அதன் பிறகு ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அதில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் நிற்பதும் ஆபத்தே. கூடுதல் ஆயில் காற்றுக் குழாய்க்குள் போய்விட்டால், டீசல் எஞ்சின் அதையே குடித்துக் கட்டுப்பாடில்லாமல் சுற்றத் தொடங்கும்.

இழுவை குறைந்தால் பல பட்டறைகளில் முதல் வாக்கே “டர்போ போச்சு” என்பதுதான். அதை உடனே நம்பிவிடாதீர்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் பத்து வருட வெப்பத்தில் வெடிப்பு விடும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது உஸ்ஸென்ற சத்தம், பின்னால் கரும்புகை, பிக்கப் இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹோஸையும் கிளாம்பையும். குழாயின் உட்புறம் லேசாக ஆயில் பூசினாற்போல் இருந்தால் கவலையில்லை. கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்குத் தேங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும்.

டர்போவையே சோதிக்க ஒரு வழி உண்டு, மெக்கானிக்கை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஆஃப் செய்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றினால் டர்போவின் சிறிய விசிறிச் சக்கரம் தெரியும். நடு நட்டை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அசைவு இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது. விசிறியின் இதழ் சுற்றியுள்ள சுவரில் உரசிய கீறல் இருந்தால், அல்லது நீலப் புகை தொடர்ந்து வந்தால், அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம். புது டர்போ போடுவதானால் பழையது ஏன் போனது என்று கண்டுபிடித்த பிறகே போடுங்கள். அடைத்த ஆயில் குழாயை அப்படியே விட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

டீசல் ஃபில்டரை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். அதன் அடியில் சேரும் நீரை வடிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் நீர் போனால் நான்கும் துருவேறும். மழைக்காலம் முழுக்க டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கூலன்ட் பாட்டிலில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் முழுக்க வடித்துப் புது கூலன்ட் நிரப்ப வேண்டும். வைப்பர் ரப்பர், பேட்டரி, பிரேக் பேட் ஆகியவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடத்துக்கு மேலானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. மாற்றுங்கள்.

ஓட்டும் முறையிலும் இரண்டு மாற்றம் தேவை. ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் அரை நிமிடம் விடுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டோல்கேட் தாண்டி டீக்கடையில் நிறுத்தினால், உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில்தான் கரியாகிறது.

மழை வந்த பிறகு, தேங்கிய நீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தெரிந்தால் இறங்காதீர்கள். சுரங்கப்பாதைக்குள் யார் முன்னால் போனாலும் நீங்கள் போக வேண்டாம். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி நின்ற வண்டியைத் தள்ளியோ டோ செய்தோ கொண்டுபோய், ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. எஞ்சினுக்கான கூடுதல் காப்பீட்டையும் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தருவதில்லை.

எந்த வண்டியையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாகக் குபுகுபுவென்று வருகிறது, நீலப் புகையும் நிற்கவில்லை, அடித்தட்டும் துருவேறிவிட்டது என்றால் அந்த வண்டியில் பணம் போட வேண்டாம். அப்பாவின் நினைவுக்கு அவர் வைத்திருந்த சர்வீஸ் பில்லையும் சாவிக்கொத்தையும் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ஆயிலும் ஹோஸும் சரியாக இருக்கும் வண்டி இன்னும் பல வருடம் ஓடும், பாகங்களும் எளிதில் கிடைக்கின்றன.

கடைசியாக, காகிதங்கள். மோட்டார் வாகன விதிகளின்படி, உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் இறப்பையும், வண்டியை நீங்கள் ஓட்டப்போவதையும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யைப் பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். முதல் பதிவிலிருந்து 15 வருடம் ஆகியிருந்தால் எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிப்பதும் சேரும். அப்பா பெயரில் உள்ள இன்சூரன்ஸ் அவர் மறைந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியோ அதுவரைதான் செல்லும். மழை ரோட்டில் வண்டியை இறக்குவதற்கு முன் இந்த இரண்டு பெயர் மாற்றத்தையும் முடித்துவிடுங்கள்.