புது டிஸ்க் மேல் விழும் பழி

பெட்டி மேல் 3 டிபி என்று போட்டிருக்கிறது. மாட்டிப் பார்த்தால் கணினி 746 ஜிபி என்கிறது. ஆபீசில் கழித்துக் கட்டிய கணினியை வீட்டு ஃபைல் சர்வராக வைத்து, படமும் பாட்டும் குடும்பப் புகைப்படங்களும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “டூப்ளிகேட் டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டான்.”

டிஸ்க் அசல்தான். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பழைய கன்ட்ரோலர்களும் அவற்றின் டிரைவர் மென்பொருளும் டிஸ்க்கின் செக்டார்களை 32 பிட் எண்ணால் எண்ணின. அதில் எண்ணக்கூடியவை ஏறத்தாழ 429 கோடி செக்டார்கள். செக்டாருக்கு 512 பைட் என்றால் 2.2 டிபி. ஸ்கூட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வருவதுபோல, அதற்கு மேல் போனதும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்றில் 2.2 போக மிச்சம் 0.8 டிபி. அதையே கணினி 1024-ஆல் வகுத்துச் சொல்லும்போது 746 ஜிபி. டிரைவரைப் புதுப்பித்தால் பல பெட்டிகளில் இது சரியாகிவிடும். எல்எஸ்ஐ 1068இ சிப் உள்ள பழைய கார்டுகளுக்கு மட்டும் விமோசனம் கிடையாது, அவை 2.2 டிபியோடு நின்றுவிடும். கார்டையே மாற்ற வேண்டியதுதான்.

746-க்குப் பதிலாக 2048 ஜிபி வரை பயன்படுத்த முடிந்து, மீதி சும்மா கிடந்தால் அது வேறு வியாதி. கன்ட்ரோலருக்கு முழு டிஸ்க்கும் தெரிகிறது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணைக்குத்தான் தெரியவில்லை. ஜிபிடி முறைக்கு மாற்றினால் போதும். இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: “பழைய பயாஸ் போர்டில் ஜிபிடி ஓடாது.” விண்டோஸை அந்த டிஸ்க்கிலிருந்தே பூட் செய்ய வேண்டுமென்றால்தான் அது உண்மை. தரவு மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கும் பயாஸுக்கும் சம்பந்தமில்லை. லினக்ஸோ ஒரு சின்ன பூட் பார்ட்டிஷனைக் கொடுத்தால் பழைய பயாஸிலும் ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே எழுந்துகொள்ளும். 2007-இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வரின் முதல் பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் மட்டும் ஜிபிடி ஆசையை விட்டுவிடலாம்.

“பெட்டியைத் தயாரித்தவர்களே 8 டிபிதான் என்று எழுதியிருக்கிறார்களே?” எழுதியிருப்பார்கள். எச்பி மைக்ரோசர்வர் என்40எல் வந்தபோது நான்கு தட்டுகளில் இரண்டிரண்டு டிபியாகப் போட்டு அந்தக் கணக்கைச் சொன்னார்கள். அது பெட்டியின் எல்லை அல்ல. அதே பெட்டியில் பிறகு அதைவிடப் பெரிய டிஸ்க்குகளைப் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம்.

இனி, உயிரே இல்லாத டிஸ்க். யுஎஸ்பி பெட்டிக்குள் விற்கும் பெரிய டிஸ்க் சில சமயம் தனி டிஸ்க்கைவிட மலிவு என்பதால், பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்து சர்வரில் மாட்டுவார்கள். சுழலாது, சத்தமில்லை, பயாஸில் பெயருமில்லை. “உடைக்கும்போது போய்விட்டது” என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். சாட்டா 3.3 விதிப்படி, பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் மின்சாரம் வந்தால் “அணைந்திரு” என்று பொருள். பழைய பவர் சப்ளைகளோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பின் மேல் சூடு தாங்கும் மெல்லிய டேப்பை ஒட்டினால் டிஸ்க் எழுந்துவிடும். நான்கு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் போட்டாலும் சரியாகும், மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் வயர்களைச் சேர்த்து பிளாஸ்டிக் வார்த்த மலிவு அடாப்டர்களை வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த கதைகள் வெறும் வதந்தி அல்ல. வயரைத் தனித்தனியாக அழுத்திப் பிடித்த கிரிம்ப் வகையே நல்லது.

“ஸ்மார்ட் அறிக்கையில் பிழை ஏறுகிறது, டிஸ்க்கை மாற்று.” எந்தப் பிழை என்று பார்க்காமல் நானே ஒரு நல்ல டிஸ்க்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏறிக்கொண்டிருந்தது 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை. டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் வழியில் தரவு கெடுகிறது என்பதற்கான அடையாளம் அது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை, டேட்டா கேபிளைக் கழற்றி வேறொன்று மாட்டினால் ஏற்றம் நின்றுவிடும் (பழைய எண்ணிக்கை குறையாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்). 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு. அதற்காக, எதுவும் ஏறவில்லை என்றால் டிஸ்க் சுகம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போனவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

டிஸ்க் மேல் நியாயமாகவே பழி விழும் ஓர் இடமும் உண்டு. “என்ஏஎஸ்-க்கு என்று போட்டு விற்கும் எந்த டிஸ்க்கும் ரெய்டுக்குப் பொருந்தும்” என்று நம்பி வாங்கியவர்கள் 2020 ஏப்ரலில் விழித்துக்கொண்டார்கள். சில டபிள்யூடி ரெட் மாடல்களில் எஸ்எம்ஆர் முறையில் எழுதுவதை அந்த நிறுவனம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் ஏறி நிற்கும் அமைப்பு இது. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதையொட்டி மேலே ஏறியிருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். படம் பார்க்க, எப்போதாவது காப்பியடிக்க இது தொல்லை தராது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கிய ரெய்டில் ஒன்றை மாற்றி, அதை மறுபடி கட்டும்போதுதான் திணறும். மற்ற டிஸ்க்குகள் மணிக்கணக்கில் முடிக்கும் வேலை இதில் நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை நேரமும் பாதுகாப்பில்லாமல் ஓடுவது நம் மற்ற கிழட்டு டிஸ்க்குகள். வாங்குமுன் மாடல் எண்ணைத் தேடி, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரெய்டில் ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க் போடும்போது கொள்ளளவு உடனுக்குடன் ஏறும் என்பதும் நினைப்புதான். இருப்பதில் மிகச் சிறியது எதுவோ அதுவே அளவுகோல். கடைசிச் சின்ன டிஸ்க் வெளியேறிய பிறகும், முதலில் ரெய்டை விரிக்கச் சொல்லி, பிறகு ஃபைல் சிஸ்டத்தையும் விரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு “இடமே கூடவில்லை” என்று புலம்புவது வாடிக்கை. கழற்றிய பழைய டிஸ்க்குகளை பேக்கப் என்று டிராயரில் வைப்பது ரெய்டு 1-இல் சரி. அந்தத் தேதி வரைக்குமான முழு நகல் அதில் இருக்கும். ரெய்டு 5-இல் வெவ்வேறு நாளில் கழற்றிய டிஸ்க்குகள் வெவ்வேறு நாளின் துண்டுகள். நடுவில் எழுதப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டா. தனி பேக்கப் இல்லாமல் முதல் டிஸ்க்கைக் கழற்றவே கூடாது.

புது டிஸ்க்கால் வேகம் கூடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு: கிகாபிட் நெட்வொர்க்கில் வினாடிக்கு 110 எம்பி அளவுதான் போகும், பழைய டிஸ்க்கே அதை நிரப்பிவிடும். பதினொன்றில் நின்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க் வயரைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம்.

கடைசியாக ஒன்று, எந்த மென்பொருளும் தீர்க்காதது. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் பக்கவாட்டில் நடுத் திருகுத் துளை கிடையாது. பழைய பெட்டியின் தட்டு அந்தத் துளையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். துளையிடும் மெஷினோடு உட்கார்ந்தால், தட்டில் போடுங்கள். டிஸ்க்கில் வேண்டாம்.