சாவிக்கொத்தும் பட்டாவும்

திருவையாறு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. குறுவை நடவு முடிந்து ஊர் பச்சைப்பசேலென்று இருக்கிறது. 'என் கணவன் என் தோழன்' தொடரை விடுதியில் தோழிகளோடு பார்ப்பதாகவும், அந்த மாமியாரைக் கண்டபின் கல்யாணப் பேச்சே கசக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பார்க்காதே என்று சொல்ல மாட்டேன். எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

2011-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'தியா அவுர் பாத்தி ஹம்' என்ற இந்தித் தொடரைத்தான் விஜய் டிவி தமிழ் பேச வைத்தது. ராஜஸ்தானத்துப் புஷ்கரில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் சூரஜுக்கு வாழ்க்கைப்படுகிறாள் சந்தியா. அவளுக்கு ஐ.பி.எஸ். கனவு. மாமியார் பாபோவுக்கோ, படித்த மருமகள் வீட்டுக்கு அடங்க மாட்டாள் என்ற பயம். இதே கதை 2020-இல் 'ராஜா ராணி 2' ஆகத் தமிழிலேயே புதிதாக எடுக்கப்பட்டது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசி. வடக்கே பல சமூகங்களில் சொந்த ஊருக்குள்ளோ சொந்த கோத்திரத்திலோ பெண் கொடுப்பதில்லை. முகம் தெரியாத வீட்டுக்குப் போகிறாள் மருமகள். நிலமும் கடையும் மகன் வழியே இறங்குகின்றன. தாய்க்கு மகன்தான் சொத்து. அவன் மனைவி பேச்சைக் கேட்கத் தொடங்கினால் தன் பிடி தளரும் என்று அஞ்சுகிறாள். தென்னாட்டில் அத்தை மகன், மாமன் மகன், பக்கத்து ஊர் என்று உறவுக்குள் மணம் முடித்ததால் பெண்ணுக்குக் கை சற்று ஓங்கியிருந்தது என்று டிம் டைசனும் மிக் மூரும் 1983-இல் எழுதினார்கள்.

அதற்காக நம் பக்கம் கொடுமை இல்லை என்று நினைத்துவிடாதே. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த மரப்பத்தாயம் உனக்கு நினைவிருக்கும். அடியில் ஒரு சின்னக் கதவு, அதற்கொரு பூட்டு. சாவி எங்கள் அப்பாயி இடுப்பில். இன்று எத்தனை மரக்கால் நெல் அவிப்பது, மருமகளின் அண்ணன் வந்தால் பலகாரம் உண்டா என்பதெல்லாம் அந்தச் சாவி வைத்த சட்டம். ஆனால் அந்த நெல் விளைந்த நிலத்தில் ஒரு குழிகூட அப்பாயி பெயரில் இல்லை. பட்டா தாத்தா பெயரில், பிறகு பிள்ளைகள் பெயரில். பாதி ஆயுள் தன் மாமியாரிடம் கைகட்டி நின்றவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அந்தச் சாவிதான். அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருமகள்கள் அரைவயிற்றோடு படுத்த இரவுகளும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

அப்பாயிக்கு இல்லாத வழி உனக்கு இருக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பார். அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். "சீர்தான் செய்தாச்சே, பங்கு எதற்கு?" என்பார்கள். யார் நீட்டினாலும், படித்துப் புரிந்துகொள்ளாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

சம்பாதிக்கும் பணம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கட்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கணவனோடு வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மகளிர் உதவி எண் 181. இவற்றைத் தோழிகளுக்கும் சொல்.

மாப்பிள்ளை பார்க்கும் காலம் வரும்போது சூரஜை நினைத்துக்கொள். தாயை மதித்துக்கொண்டே, மனைவியின் படிப்புக்காக அந்தத் தாயிடம் வாய் திறந்து பேசியவன் அவன். அந்தத் தைரியம் இல்லாதவனுக்கு எத்தனை வேலி நிலம் இருந்தாலும் சம்மதிக்காதே. நாளை உன் வீட்டுக்கு மருமகள் வந்தால், பயப்பட அவசியமில்லாத மாமியாராக நீ இருப்பாய். ஏனென்றால் உன் வாழ்வு மகன் கையை நம்பி இருக்காது.

இந்த வாரமே அப்பாவிடம் கேள்: "பூர்வீக நிலத்தில் என் பங்கு எவ்வளவு?" தயங்கினால் எனக்கு எழுது. நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா