பாட்டியின் லட்சுமி படம்

தம்பி தங்கைகளே, கோத்தா திங்கி தோட்ட லயத்தில் பாட்டியின் சாமி மேடையில் ஒரே ஒரு லட்சுமி படம். தாமரைமேல் நின்ற கோலம், பட்டுப் புடவை, பக்கத்தில் யானை. வீடு மாறும்போது, "பழைய காலண்டர்தானே, போட்டுடலாம்" என்று சொன்னவன் நானேதான். பாட்டி பேசவே இல்லை. துண்டில் சுற்றி, லாரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்தத் தோற்றம் ரவி வர்மா (1848–1906) தந்தது. அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்கள் பரோடா, மைசூர் அரண்மனைகளில் இருந்தன. எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள்? 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுக்கும் சாமி வந்தது. பிறகு கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீடு வீடாகப் போயின.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த ஒளியும் நிழலும் ஐரோப்பிய ஓவியப் பாணி. சோழர் செப்புத் திருமேனியின் அழகு வேறு. அச்சுப் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு, லட்சுமி என்றாலே அந்த ஒரு முகம்தான்.

புதுக் கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்தேன். பாட்டி இன்னும் படத்தை என் கையில் தரவில்லை.