மொட்டை மாடி டெலஸ்கோப்புக்கு எந்த பார்லோ?

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியரின் பெயரைத் தாங்கிய, ஐபீஸோடு செருகி உருப்பெருக்கத்தைக் கூட்டும் இந்தக் குழிலென்ஸ் 1830-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சரியான அளவில் வாங்கினால் இரண்டு ஐபீஸ் நாலு ஐபீஸாக உழைக்கும். கடைக்குக் கிளம்பும் முன் ஒரு பென்சிலும் பழைய கவர் ஒன்றும் எடுத்து வையுங்கள், தோழிகளே.

1. டெலஸ்கோப் குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் விட்டமும் குவியத் தூரமும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு, குவியத் தூரத்தை ஐபீஸின் மி.மீ. அளவால் வகுங்கள். வரும் விடையை 2 எக்ஸ் பார்லோ என்றால் இரண்டாலும், 3 எக்ஸ் என்றால் மூன்றாலும் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2. விட்டத்தின் மி.மீ. அளவைப் போல் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்துக்கு உச்சவரம்பு. 70 மி.மீ. என்றால் 140, 114 மி.மீ. என்றால் 228. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. சில டப்பாக்களில் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 900-ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்து, 3 எக்ஸால் பெருக்கிய கணக்கு அது. அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

3. 114/900 டெலஸ்கோப்பும், கூடவே வந்த 25, 10 மி.மீ. ஐபீஸ்களும் இருக்கிற வீடா? பார்லோ இல்லாமல் 36, 90 மடங்கு; 2 எக்ஸ் போட்டால் 72, 180. 3 எக்ஸில் 10 மி.மீ. ஐபீஸ் 270-க்குப் போய் வரம்பைத் தாண்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு 2 எக்ஸே வாங்கலாம்.

4. 130/650 போன்ற குட்டைக் குழாய்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. அதே ஐபீஸ்களில் 26, 65 மடங்குதான் வரும். 3 எக்ஸ் போட்டாலும் 78, 195 என்று 260-க்குள் அடங்கிவிடும். சனியும் வியாழனும்தான் உங்கள் ஆசை என்றால் தைரியமாக 3 எக்ஸ் எடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் 2 எக்ஸ்தான் என் ஓட்டு.

5. 20, 10 மி.மீ. ஐபீஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 2 எக்ஸில் 20 என்பது 10-க்குச் சமமாகிவிடுவதால் நாலுக்குப் பதில் மூன்று அளவுதான் கிடைக்கும். அடுத்த ஐபீஸ் வாங்கும்போது ஒன்று மற்றொன்றின் சரிபாதியாக இல்லாதபடி பாருங்கள்: 32, 25, 10 இருந்தால் 16, 12.5, 5 என்று புதிதாக மூன்று சேரும்.

6. கண்ணால் பார்க்க 5 எக்ஸ் வேண்டாம். கேமராவில் கிரகங்களைப் பிடிக்கிறவர்கள் சென்சாரின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால், தேவையான எஃப் எண் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) தோராயமாக வந்துவிடும். 2.9 மைக்ரான் கேமராவுக்கு எஃப்/14.5, எஃப்/5 டெலஸ்கோப்பில் 3 எக்ஸ் போட்டால் எஃப்/15, அதுவே போதும்.

7. ஐபீஸ் குழலின் வெளிவிட்டத்தையும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 31.7 மி.மீ. என்றால் 1.25 அங்குல பார்லோ. பழைய சின்ன டெலஸ்கோப்புகளில் 24.5 மி.மீ. இருக்கும், அதில் இது நுழையாது.

8. டெலஸ்கோப்போடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் பார்லோவைப் பார்த்து 'பார்லோவே மோசம்' என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு லென்ஸ் சேர்ந்த அக்ரோமேடிக், உலோகக் குழல் என்று கேட்டு வாங்குங்கள். அடியில் இருக்கும் லென்ஸ் பகுதி தனியாகக் கழன்று வருமா என்றும் கேளுங்கள். வந்தால், அதை ஐபீஸின் ஃபில்டர் மரையில் நேராகத் திருகிக்கொள்ளலாம், ஏறத்தாழ 1.5 எக்ஸ் கிடைக்கும். ஒரு விலைக்கு இரண்டு பார்லோ!

9. லென்ஸ் டெலஸ்கோப்பில் பார்லோவை டயகனலுக்கு (ஒளியை மடக்கி ஐபீஸுக்கு அனுப்பும் கண்ணாடிப் பகுதிக்கு)ப் பிறகு செருகாமல், முன்னால் செருகிப் பாருங்கள். தூரம் கூடுவதால் 2 எக்ஸே கிட்டத்தட்ட 3 எக்ஸ் வேலை செய்யும். டயகனலுக்குள் செருகும்போது நீள பார்லோ என்றால் மெதுவாக இறக்குங்கள், நுனி உள்ளே கண்ணாடியில் இடிக்கலாம்.

10. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு பார்லோ ஒரு வரப்பிரசாதம். 10 மி.மீ. பிளாசல் ஐபீஸில் கண்ணை ஏறக்குறைய 7 மி.மீ. வரை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். 25 மி.மீ. ஐபீஸில் 2 எக்ஸ் பார்லோ போட்டால் 12.5-ன் பெருக்கமும் கிடைக்கும், கண்ணாடியைக் கழற்றாமல் தாத்தா பாட்டியும் சௌகரியமாகப் பார்ப்பார்கள்.

11. உருப்பெருக்கம் இரட்டிப்பானால் படத்தின் பிரகாசம் கால்வாசியாகிவிடும். நிலாவுக்கும் கிரகங்களுக்கும் பாதகமில்லை; ஆண்ட்ரோமெடா போன்ற மங்கல் விஷயங்களுக்கு பார்லோவை எடுக்கவே வேண்டாம்.

12. பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தைக் கக்கும்; அப்போது பார்லோ போட்டால் சனி தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டு, கிரகம் மேலே ஏறும்வரை பொறுங்கள். நம் ஊரில் கிரகங்கள் பெரும்பாலும் உச்சிக்குக் கிட்டத்தில் வரும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

13. கடலோர ஊர்க்காரர்களே, ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல், இறுக மூடும் டப்பாவில் பார்லோவோடு போட்டுவையுங்கள். தூசி இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் பல்பால் காற்றை ஊதிவிட்டாலே போதும், முந்தானையால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.