கருவிகளுக்கும் ஒரு பெரட்டு

பொறியியல் படிப்பை முடிக்கப் போகிறவர்களுக்காக இந்த மாதப் பாடம்.

கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். விமானத் துறை என்றால் கே.எல்.ஐ.ஏ., பைலட், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் நம் சிலாங்கூரின் வடபகுதியிலேயே, செரண்டாவில், விமான இஞ்சின் பாகம் செய்யும் ஆலை இருக்கிறது. 2015-இல் யூ.எம்.டபிள்யூ. நிறுவனம் ரோல்ஸ்-ராய்ஸுடன் ஒப்பந்தம் செய்தது. அதன்படி டிரெண்ட் 1000, டிரெண்ட் 7000 இஞ்சின்களின் முன்பக்க விசிறியைச் சுற்றியிருக்கும் பெரிய வளையக் கூடு அங்கே தயாராகிறது. முதல் இஞ்சின் போயிங் 787-க்கு, அடுத்தது ஏர்பஸ் ஏ330நியோவுக்கு. பறக்கும்போது விசிறியின் ஓர் இதழ் உடைந்தால், அது பயணிகள் பக்கம் பாயாமல் தடுப்பது அந்தக் கூடுதான். பால்மரமும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் இன்று இந்த வேலை நடக்கிறது.

பட்டம் வேறு, உரிமம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொறியியல் பட்டதாரி பெரும்பாலும் வடிவமைப்பு, உற்பத்தி முறை, தரக் கட்டுப்பாடு போன்ற பிரிவுகளில்தான் சேருவார். பழுதுபார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவதற்குத் தனி உரிமம் வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சியும் தேர்வுகளும் உண்டு. வேலைக்கு மனு போடும் முன் எந்தப் பாதை என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கற்ற முதல் பாடம்

தொழில் பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தில் சில மாதம் இருந்தேன். முதல் நாள் எனக்குக் காட்டியது கணினியை அல்ல, கருவிப் பலகையை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஓர் இடம் வரைந்திருந்தது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பா தினமும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். இங்கே கருவிகளுக்கே பெரட்டு! ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை பாகம் வெளியே போகாது. உள்ளே மறந்து விட்ட சின்ன இரும்புத் துண்டு வானத்தில் பெரிய ஆபத்தாகிவிடும்.

ஒருநாள் நான் துளை போடும்போது டிரில் பிட்டின் நுனி உடைந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. சொன்னால் திட்டுவார்களோ, "தோட்டத்துப் பையன், இவனுக்கு என்ன தெரியும்" என்பார்களோ என்று பயம். கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு மனசு கேட்காமல் மூத்த டெக்னிஷியனிடம் போய், "அண்ணே, நுனி உடைஞ்சிருச்சு, காணோம்" என்றேன். உடனே வேலையை நிறுத்தி எல்லாரும் தேடினார்கள். பாகத்தின் இடுக்கில் கிடைத்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: "உடைஞ்சது தப்பு இல்ல தம்பி. கால் மணி நேரம் சும்மா இருந்தியே, அதுதான் தப்பு."

தொண்ணூறு போல்ட்டுகள்

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகு ஒரு விபத்தைப் பற்றிப் படித்தபோது புரிந்தது. 1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் தரையிறக்கினார். யாரும் சாகவில்லை.

காரணம் என்ன? முந்தைய நாள் அதிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது 90 போல்ட்டுகள் போட்டார்கள். அதில் 84 போல்ட்டுகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் சிறியது. மாற்றியவர் அனுபவசாலி. ஆனால் பாகப் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணளவில் எடுத்துவிட்டார். எந்த வகை போல்ட் வேண்டும் என்று ஸ்டோர்காரர் அவரிடம் சொல்லியிருந்தார், ஆனால் வற்புறுத்தவில்லை. ஒருவர் சரிபார்க்கவில்லை, இன்னொருவர் அழுத்திச் சொல்லவில்லை.

நமக்குள் ஒரு கேள்வி

நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. கேட்கக் கூச்சம், தப்பைச் சொல்ல பயம், பெரியவர் முன்னால் பேசத் தயக்கம், இதுதான் நம்மைப் பின்னால் இழுக்கிறது. பெரியவர்களை மதிப்பது நல்ல பண்பு. "மன்னிக்கணும் அண்ணே, இந்த அளவு சரியான்னு ஒருதடவை பார்த்துடலாமா?" என்று கேட்பதும் மரியாதைதான். வாய்மைக்கு ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர் வழி வந்தவர்கள் நாம். இந்தத் தொழிலில் வாய்மை என்பது உயிர் காக்கும் விஷயம்.

ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மறுநாள் அது எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறோமா? எடுத்த இடத்தில் வைப்பதும் பூஜைதான்.

வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் தப்பை யாரும் பார்க்கவில்லை. சொல்வீர்களா? ஏன்?

2. அந்த ஸ்டோர்காரர் இடத்தில் நீங்கள் இருந்தால் எப்படிப் பேசியிருப்பீர்கள்? இருவராக நடித்துக் காட்டுங்கள்.

3. இந்த வாரம் தெரியாத ஒன்றை யாரிடமாவது கேளுங்கள். அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்.