வழியை அடைக்காதீர்கள்

தில்லியில் கிரீன் பார்க் என்ற பகுதி இருக்கிறது. அங்கே உபஹார் என்ற திரையரங்கு இருந்தது.

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. பிற்பகல் காட்சி. பலர் குடும்பத்தோடு படம் பார்க்க வந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் வண்டிகள் நின்றன. அங்கேயே மின்மாற்றியும் இருந்தது. அதில் தீப்பிடித்தது. தீ வண்டிகளுக்குப் பரவியது. கரும்புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. பால்கனியில் இருந்தவர்களைச் சூழ்ந்தது.

மின்சாரம் நின்றது. எங்கும் இருட்டு. அவசர விளக்கு எரியவில்லை. பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். அதனால் ஒரு பக்க வழி அடைபட்டிருந்தது. மக்களால் விரைவாக வெளியேற முடியவில்லை.

59 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். இறந்தவர்களைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை.

தடுக்க முடியாதா?

முடியும். தீயை அணைப்பது மட்டும் தீயணைப்புத் துறையின் வேலை அல்ல. தீ வராமல் காப்பதும் அதன் வேலைதான். இதற்காகப் பெரிய நகரங்களில் தீத்தடுப்புப் பிரிவு உண்டு.

பெரிய கட்டடம் கட்டும் முன்பே அதன் வரைபடம் இந்த அலுவலகத்துக்கு வரும். மாடிப்படி அகலமானதா? வெளியேற எத்தனை வழி? தீயணைப்பு வண்டி உள்ளே வர இடம் உண்டா? அதிகாரிகள் இவற்றைப் பார்ப்பார்கள். குறை இருந்தால் திருத்தச் சொல்வார்கள்.

கட்டி முடித்த பிறகு நேரில் வருவார்கள். தண்ணீர்த் தொட்டி, குழாய், அபாய மணி, அவசர விளக்கு, தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். சரியாக இருந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும்.

அந்தச் சான்றிதழ் என்றென்றைக்கும் செல்லாது. 2010-ல் வந்த தில்லி விதிகள் குடியிருப்புகளுக்கு 5 ஆண்டு என்றன. ஓட்டல் போன்ற மற்றக் கட்டடங்களுக்கு 3 ஆண்டு என்றன. பிறகு மீண்டும் சோதனை செய்ய வேண்டும்.

நம் பங்கு என்ன?

அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மறுநாளே மாடிப்படியில் மூட்டைகளை அடுக்குகிறார்கள். திருட்டுக்குப் பயந்து பின்வாசலைப் பூட்டுகிறார்கள். அப்புறம் சான்றிதழ் சுவரில் தொங்கி என்ன பயன்?

வேலை செய்யும் இடத்திலும், மருத்துவமனையிலும், திரையரங்கிலும் 'அவசர வழி' என்ற பலகையைத் தேடிப் படியுங்கள். அந்த வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

தீப்பிடித்தால் 101 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள். படியில் இறங்குங்கள். புகை மேலே நிற்கும். எனவே குனிந்து அல்லது தவழ்ந்து வெளியேறுங்கள்.

பேசுவோம்

1. உபஹாரில் பலர் இறந்ததற்குக் காரணங்கள் என்ன?
2. தீத்தடுப்பு அலுவலகம் எவற்றைச் சோதிக்கிறது?
3. உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் வெளியேற எத்தனை வழிகள் உள்ளன? நாளை போய்ப் பார்த்து வந்து எழுதுங்கள்.